கருவி காட்டும் பச்சை எண் குழப்பினால் வயலில் எதைப் பார்ப்பது?

எங்கள் உழவர் குழுவில் பயிரின் பச்சையை அளக்கும் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று கிரீன்சீக்கர், இன்னொன்று ஸ்பேட் மீட்டர். சோழவந்தான், வாடிப்பட்டி பக்கத்து இருபோக நெல் வயல்களில் இவற்றைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக நடப்பதுதான் பயிர்க் காலத்தில் என் வேலை. புதிதாகக் கருவி வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. “நேத்து ஒன்னு, இன்னைக்கு ஒன்னு காட்டுதே?” “யூரியா மூட்டை போட்டும் எண்ணு ஏறலையே?” “பக்கத்து வயல் வெளிறிக் கிடக்கு, அதுக்கு மட்டும் அதிகமா காட்டுது, எப்படி?” வயலில் நீங்கள் காணும் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்குப் போகும்படி இதை எழுதியிருக்கிறேன். உங்கள் பிரச்சினை எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் தெம்புப் பாத்தி பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கருவி என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிழை தானே புரியும். கிரீன்சீக்கர் சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் தானே பயிர்மேல் பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. இலையில் உள்ள பச்சையம் சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். தெம்பான இலையின் உள் திசு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருகிற எண்தான் என்.டி.வி.ஐ. திரையில் 0.00 முதல் 0.99 வரை வரும். ஸ்பேட் மீட்டர் வேறு வழி. இலையை இடுக்கிப் பிடித்து, 650 நானோமீட்டர், 940 நானோமீட்டர் ஆகிய இரண்டு ஒளிகள் இலையை எவ்வளவு ஊடுருவி வருகின்றன என்று பார்க்கும். கிரீன்சீக்கர் ஒரு முழத்துக்கு ஒரு முழம் பயிரைச் சேர்த்துப் பார்க்கிறது என்றால், ஸ்பேட் பார்ப்பது இலையில் 2 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பொட்டு.

இரண்டும் அளப்பது பச்சையைத்தான். தழைச்சத்து குறைந்தால் பச்சை குறையும் என்பதால் அதை வைத்துத் தழைச்சத்தை ஊகிக்கிறோம். பச்சை குறைய வேறு காரணமும் இருக்கலாம் என்பதைக் கருவி சொல்லாது. அதை நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: தெம்புப் பாத்தி இருக்கிறதா?

0.61 என்று ஒரு எண் வருகிறது. அது நல்லதா கெட்டதா? அந்த எண்ணை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. நட்ட 25-ஆம் நாள் என்றால் நன்றாக இருக்கலாம், 45-ஆம் நாள் என்றால் பயிர் பட்டினி கிடக்கலாம். ரகம், நட்ட இடைவெளி, வயலில் நிற்கும் தண்ணீர் என எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. அதனால் அதே வயலில், அதே ரகத்தில், அதே நாளில் நட்ட ஒரு சிறு இடத்துக்குத் தழைச்சத்துக் குறையே வராதபடி கூடுதலாக உரம் கொடுத்து வைத்துக்கொள்கிறோம். மற்ற இடத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தார் கோதுமைக்குப் பரப்பிய முறை இது. எங்கள் ஊரில் இதற்குத் தெம்புப் பாத்தி என்று பெயர் வைத்துவிட்டோம்.

கோதுமை வயலில் ஒரு பட்டையாகப் போட்டால் போதும். நெல் வயலில் அப்படிப் போட்டால் தண்ணீரோடு யூரியாவும் நகர்ந்துவிடும், பட்டை எது வயல் எது என்று பத்து நாளில் தெரியாமல் போகும். 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, சுற்றி ஒரு சாண் உயரத்துக்குச் சேற்று வரப்பு போடுங்கள். தண்ணீர் உள்ளே வரும் வாமடைக்கு நேர் எதிரே வேண்டாம், தென்னை நிழலிலும் வேண்டாம். வயலுக்குப் போடும் உரம் எல்லாம் அதற்கும் உண்டு. அதற்கு மேல் எக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து என்ற கணக்கில் கூடுதலாகக் கொடுங்கள். 25 சதுர மீட்டருக்கு அது 100 கிராம் தழைச்சத்து, யூரியாவில் 217 கிராம். வீட்டுச் சமையல் தராசில் நிறுத்துக்கொள்ளலாம். நட்ட பத்தாம் நாள் வாக்கில் இதைப் போட்டுவிடுவேன். முதல் தடவை எண் எடுக்கிற நாளுக்குள் பயிர் கருத்துவிடும்.

எண் எடுக்கும் நாளில் முதலில் வயலில் பத்து இடம், பிறகு தெம்புப் பாத்தியில் மூன்று இடம். வயலின் சராசரியைப் பாத்தியின் சராசரியால் வகுங்கள். வயல் 0.61, பாத்தி 0.72 என்றால் 0.85. நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: 0.95-க்கு மேல் வந்தால் அந்த வாரம் யூரியா கிடையாது. 0.90-க்கும் 0.95-க்கும் நடுவில் வந்தால் ஐந்து நாள் பொறுத்து மறுபடி எடுப்பேன். 0.90-க்குக் கீழே போனால் மேலுரம். கருவி வாங்கியும் பலனில்லை என்று என்னிடம் சொன்னவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தப் பாத்தியைப் போடாதவர்கள்.

அறிகுறி: போன போகத்தில் வந்த அதே எண், ஆனால் பயிர் வேறு மாதிரி

பெரியப்பா ஒருவர் என்னிடம் விடாமல் வாதாடினார். “மிசின்ல 0.60 காட்டுது. போன தடவையும் 0.60தான். அப்ப மூட்டை போட்டோம்ல? இப்ப ஏம்ப்பா வேணாங்குற?” நோட்டைப் பிரித்துத் தேதியைக் காட்டினேன். போன தடவை அந்த எண் வந்தது நட்ட 41-ஆம் நாள். இந்தத் தடவை 27-ஆம் நாளே வந்துவிட்டது. பாத்தியில் 0.62. விகிதம் 0.97-க்குக் கொஞ்சம் குறைவு. பயிருக்குப் பசி இல்லை.

நோட்டில் எண்ணோடு மூன்று விஷயம் எழுதுங்கள்: நட்டு எத்தனை நாள், எந்த ரகம், வயலில் தண்ணீர் நின்றதா. இது இல்லாத எண் பழைய பஸ் டிக்கெட் மாதிரி, எதற்கும் ஆகாது.

அறிகுறி: காலையில் ஒரு எண், கொஞ்ச நேரத்தில் வேறு எண்

முதலில் பனியைப் பாருங்கள். மார்கழியில் ஒரு நாள் காலை 7 மணிக்கு ஒரு வயலில் 0.58 வந்தது. அதே பத்து இடத்தில் 10 மணிக்கு எடுத்தபோது 0.64. மூன்று மணி நேரத்தில் பயிர் வளர்ந்துவிடவில்லை. இலைமேல் நின்ற பனித்துளி கண்ணாடி மணி போலச் சிவப்பொளியையும் திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால் எண் இறங்குகிறது. இலையைக் கையால் வருடிப் பாருங்கள். விரல் ஈரமானால் கருவியை எடுக்கவே வேண்டாம், டீ குடித்துவிட்டு வரலாம். மழை விட்டதும், மருந்து தெளித்ததும் இதே கதைதான்.

மதியம் 1 மணிக்கு மேல் எண் இறங்கினால், மேட்டு வயலில் தண்ணீர் போதாமல் இலை சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். சுருண்ட இலை மேலிருந்து பார்க்கக் குறைவாகத் தெரியும், நடுவில் மண் தெரியும். தண்ணீர் கட்டி மறுநாள் காலை பனி உலர்ந்தபின் எடுங்கள்.

மேகம் வந்ததால் மாறுகிறது என்று பலர் சொல்கிறார்கள். கிரீன்சீக்கரைப் பொறுத்தவரை அது காரணமாக இருக்க வாய்ப்பில்லை, அதற்குச் சொந்த விளக்கு இருக்கிறது. அந்தி மயங்கிய பிறகும் எடுக்கலாம். சூரிய ஒளியை நம்பி இருப்பது ட்ரோனில் மாட்டும் பலவண்ணக் கேமரா. அதற்கு மேகம் பெரிய பிரச்சினை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பனியும் இல்லை, இலையும் சுருளவில்லை என்றால் உங்கள் கை உயரத்தைப் பாருங்கள். பயிரின் நுனியிலிருந்து 60 முதல் 120 சென்டிமீட்டர் உயரத்தில் கருவி இருக்க வேண்டும். உயரம் கூடக் கூட அது பார்க்கும் வட்டம் பெரிதாகும், 60 சென்டிமீட்டரில் சுமார் 25 சென்டிமீட்டர் அகலம், 120-ல் சுமார் 50. காலையில் வரப்பில் நின்று எடுத்துவிட்டுப் பிறகு வயலுக்குள் இறங்கி எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. நான் கருவியின் கைப்பிடியில் 80 சென்டிமீட்டர் நூல் கட்டி, அதன் நுனியில் ஒரு இரும்பு நட்டு தொங்கவிட்டிருக்கிறேன். நட்டு இலை நுனியைத் தொட்டும் தொடாமலும் ஆடும்படி பிடித்து, ட்ரிகரை அழுத்தியபடியே பத்து அடி நடப்பேன். அழுத்தியிருக்கும் வரை அது சராசரி எடுத்துக்கொண்டே இருக்கும். இயந்திர நடவில் வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் இருப்பதால், வரிசையோடு நடந்தால் பயிரையோ நடு இடைவெளியையோ மட்டும் அதிகமாகப் பார்த்துவிடும். கொஞ்சம் குறுக்கே நடங்கள்.

அறிகுறி: நட்ட மூன்று வாரத்துக்குள் எண் தாறுமாறாக வருகிறது

இந்த வயதில் கருவி பயிரைவிட அதிகமாகப் பார்ப்பது தண்ணீரையும் சேற்றையும்தான். தண்ணீர் அகச்சிவப்பை உறிஞ்சிவிடும், அதனால் தேங்கி நிற்கும் இடத்தில் எண் குறையும். வடிந்த இடத்தில் சேறு தெரியும், அங்கே வேறு எண். வயல் முழுக்க ஒரே அளவு தண்ணீர் இருக்கும் நாளாகப் பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் நிற்கும் இடம், வடிந்த இடம் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

எண் குறைவது ஒரு தொல்லை என்றால், பொய்யாக ஏறுவது அதைவிட ஆபத்து. பாசி படர்ந்த வயலையும், அசோலா மிதக்கும் வயலையும், கோரை மண்டிய வயலையும் கருவி “நல்ல பச்சை” என்றுதான் படிக்கும். பக்கத்து வயல் வெளிறிக் கிடந்தும் அதிகம் காட்டுகிறது என்று ஒரு தம்பி கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் நெல் தூருக்கு நடுவே பச்சைப் பாய் விரித்தது போலப் பாசி. பாசியைக் கையால் ஒதுக்கி, நூலில் தொங்கும் நட்டை நேர் கீழே விட்டு எடுத்துக் காட்டினேன், எண் சரிந்துவிட்டது. இந்தக் கட்டத்தில் நான் கிரீன்சீக்கரை நம்புவதில்லை. இலையையே பிடித்துப் பார்க்கும் ஸ்பேட் மீட்டரும், இலை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையும்தான் இங்கே கைகொடுக்கும்.

திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் பருத்தி, மக்காச்சோளம் போட்டவர்களுக்கும் இதே தொல்லைதான், தண்ணீருக்குப் பதில் மண். கறுத்த ஈர மண்ணும் காய்ந்து வெளுத்த மண்ணும் ஒரே எண் தராது. மேலூர்ச் செம்மண் இன்னொரு மாதிரி. பயிர் மண்ணைப் பாதியாவது மூடும் வரை, ஒரு வயல் எண்ணை இன்னொரு வயல் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

அறிகுறி: எண் 0.80-ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறது

தூர் கட்டி வயல் மூடிவிட்டால் இது வரும். சிவப்பொளியை உறிஞ்ச வேண்டியதை எல்லாம் மேல் இலைகளே உறிஞ்சிவிட்டன. அதற்கு மேல் பச்சை கூடினாலும் குறைந்தாலும் எண்ணில் பெரிதாகத் தெரியாது. வயல் 0.82, பாத்தி 0.83 என்று வந்தால் “சரி, தழைச்சத்து நிறைவாக இருக்கிறது” என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கருவியின் கண் நிறைந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். இங்கே ஸ்பேட் மீட்டருக்கு மாறுங்கள். சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் உள்ள சிவப்பு விளிம்பு ஒளியை அளக்கும் கருவிகளும் இருக்கின்றன. அடர்ந்த பயிரில் அவை இன்னும் கொஞ்ச தூரம் வித்தியாசம் காட்டும்.

அறிகுறி: யூரியா போட்டும் எண் ஏறவில்லை

என்னை அதிகம் அலைய வைப்பது இதுதான். இன்னொரு மூட்டை போடலாம் என்று கை நீளும் இடமும் இதுதான். அதனால் ஒவ்வொன்றாகப் பாருங்கள், அவசரப்பட வேண்டாம்.

எத்தனை நாள் ஆயிற்று? போட்ட மூன்றாம் நாளே எண் எடுத்துவிட்டு ஏறவில்லை என்று கூப்பிடுகிறார்கள். இலை நிறம் மாற ஒரு வாரமாவது கொடுங்கள்.

போட்ட அன்றைக்கு வயலில் எவ்வளவு தண்ணீர்? கணுக்கால் அளவு தண்ணீரில் யூரியாவை வீசினால், அது கரைந்து அம்மோனியாவாக மாறி வெயிலில் காற்றோடு போய்விடும். பாசி இருந்தால் இன்னும் மோசம். பகல் நேரத்தில் பாசி தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும், அந்தக் காரத்தில் அம்மோனியா வேகமாகப் பறக்கும். தண்ணீரைச் சேறு தெரியும் அளவுக்கு வடித்து, உரம் போட்டு, மறுநாள் தண்ணீர் கட்டுவதுதான் முறை.

தண்ணீர் எங்கே போகிறது? பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் பல இடங்களில் வயலுக்கு வயல் தண்ணீர் இறங்குகிறது. மேல் வயல்காரர் யூரியா போட்டுவிட்டு வடிமடையை அடைக்காமல் போனால், கீழ் வயல்காரருக்கு இலவச உரம். இதைக் கருவியால் அழகாகக் கண்டுபிடிக்கலாம். வாமடை ஓரத்திலிருந்து வடிமடை ஓரம் வரை ஐந்து இடத்தில் வரிசையாக எடுங்கள். எண் படிப்படியாக ஏறிக்கொண்டே போனால் உரம் தண்ணீரோடு நடந்திருக்கிறது. நான் பார்த்த ஒரு வயலில் வாமடை ஓரம் 0.55, வடிமடை ஓரம் 0.68, வரப்பு தாண்டிக் கீழ் வயலில் 0.73. கீழ் வயலுக்கு அந்த வாரம் யாரும் யூரியா போடவே இல்லை. அங்கே தீர்வு யூரியா மூட்டை இல்லை, இரண்டு கூடை சேறுதான். மடையை அடைத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் பசி தழைச்சத்துக்கானதுதானா என்றே சந்தேகப்பட வேண்டும். கருவியை வரப்பில் வைத்துவிட்டு ஒரு தூரைப் பிடுங்குங்கள். கீழ் இலையையும் மேல் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தழைச்சத்துக் குறை என்றால் கீழ் இலை முதலில் மஞ்சளாகும். நுனியில் தொடங்கி நடு நரம்போடு இறங்கும். குருத்து பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து சத்தை எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும். கந்தகக் குறை என்றால் இளம் இலைகளே வெளிறும். துத்தநாகக் குறை என்றால் நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இளம் இலையின் அடிப்பகுதியில் நடு நரம்பு வெளுத்து, பழைய இலையில் துருப்பிடித்தது போலப் பழுப்புப் புள்ளி வரும், பயிர் அங்கங்கே குட்டையாக நிற்கும். இந்த மூன்றுக்கும் கருவி காட்டுவது ஒரே குறைந்த எண்தான்.

துத்தநாகக் குறை உள்ள வயலில் யூரியாவை எவ்வளவு கொட்டினாலும் எண் ஏறாது. 0.5 சதவீத சிங்க் சல்பேட்டும் 1 சதவீத யூரியாவும் கலந்து இலைமேல் தெளிப்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், 100 கிராம். அறிகுறி மறையும்வரை 15 நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். அடுத்த போகத்தில் நடுவதற்கு முன்பே எக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட் போட்டுவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

பிடுங்கிய தூரில் சுருண்ட இலையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பச்சையைச் சுரண்டிய வெள்ளைக் கோடு இருந்தால் இலைச்சுருட்டுப் புழு. குருத்தை இழுத்தால் கையோடு வந்துவிட்டால் குருத்துப்பூச்சி. தூரின் அடியைத் தட்டினால் தண்ணீரில் சின்னப் பூச்சிகள் விழுந்தால் புகையான். இலையுறையில் சாம்பல் நிறத் திட்டு இருந்தால் உறைக் கருகல். இந்த நான்கிலும் எண் குறையும். நான்கிலும் யூரியா போட்டால் பாதிப்பு கூடும். தழைச்சத்து மிஞ்சிய பயிர் இவற்றுக்கெல்லாம் பந்தி விரித்தது போல. குறைந்த எண்ணைப் பார்த்து ஒருவர் போட்ட மேலுரம் புகையானுக்குத் தீனியாகி, வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை எடுத்துக் கொடுத்தவன் நான். தூரைத் தட்டிப் பார்க்காமல் கொடுத்தேன். அதற்குப் பிறகு, எண் குறைந்த இடத்தில் ஒரு தூரையாவது பிடுங்கிப் பார்க்காமல் நான் யாருக்கும் அளவு சொல்வதில்லை.

மேலுரம்தான் என்று முடிவானால் எவ்வளவு?

கருவி அளவு சொல்லாது. இலை வண்ண அட்டைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் அளவையே நான் பின்பற்றுகிறேன். ஒரு தடவைக்கு எக்டேருக்கு வறண்ட பருவத்தில் 35 கிலோ, மழைப் பருவத்தில் 30 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால், ஏக்கருக்கு முறையே 31 கிலோ, 26 கிலோ யூரியா. இப்போது மூட்டை 45 கிலோ. “ஏக்கருக்கு ஒரு மூட்டை” என்று பழகிய கைக்கு இது குறைவாகத் தெரியும். ஆனால் அடுத்த வாரம் மறுபடி எண் எடுக்கத்தானே போகிறோம், தேவைப்பட்டால் அப்போது கொடுக்கலாம்.

அறிகுறி: ஸ்பேட் மீட்டர் ஒரே இலையில் வேறு வேறு எண் காட்டுகிறது

நடு நரம்பைக் கவ்வியிருப்பீர்கள். நரம்புக்கும் இலை ஓரத்துக்கும் நடுவில், இலை நீளத்தின் பாதியில் வையுங்கள். ஈர இலை கூடாது, புள்ளி விழுந்த இலை கூடாது. எந்த இலை என்பதிலும் குழப்பம் உண்டு. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் முழுதாக விரிந்த மேல் இலை என்பார்கள், நம் பல்கலைக்கழகக் குறிப்பில் மேலிருந்து மூன்றாவது இலை. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பயிர்க் காலம் முழுக்க அதையே எடுங்கள், பாத்தியிலும் அதையே.

35-க்குக் கீழே போனால் உரம் போடு என்ற எண்ணைப் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அது பிலிப்பைன்ஸில் அந்த நிறுவனம் தன் ரகங்களை வைத்துச் சொன்னது. வெள்ளைப் பொன்னி பிறவியிலேயே வெளிர் பச்சை. இலை வண்ண அட்டையிலேயே அதற்கு எல்லை 3-ஆம் எண் நிறம், மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4 என்று பிரித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். பொன்னிக்கு 35-ஐப் பிடித்துத் தொங்கினால் பயிர் சாய்ந்துவிடும். பாத்தியில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள், பொன்னிப் பாத்திக்குப் பொன்னி வயல்.

கருவி வாங்க முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். அட்டை மிக மலிவு. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8-லிருந்து 10-க்குள், உங்கள் உடம்பு நிழலில் இலையை வைத்து, பத்து இலை பாருங்கள். ஆறு இலை எல்லைக்குக் கீழே இருந்தால் மேலுரம். ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

அறிகுறி: செயற்கைக்கோள் படம் ஒன்று சொல்கிறது, கைக்கருவி வேறு சொல்கிறது

செல்போனில் வரும் பச்சை, மஞ்சள் வரைபடங்கள் பல, ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து வருபவை. அதில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். 20 சென்ட் வயல் என்பது சுமார் 810 சதுர மீட்டர், அதாவது மொத்தமே எட்டுப் புள்ளி. அதில் வரப்பில் விழாத புள்ளி ஒன்றோ இரண்டோ தேறலாம். சோழவந்தான் பக்கம் வரப்பு ஓரமெல்லாம் தென்னை. அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயலைப் படம் பச்சையாகக் காட்டினால், அது தென்னையின் பச்சை. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடி வாரக்கணக்கில் படமே வராது, வந்ததிலும் மேக நிழல் விழுந்த வயல் நோய் வந்தது போலத் தெரியும். ஐந்து ஏக்கருக்கு மேல் ஒரே அடைப்பாக இருந்தால் படம் நல்ல உதவி, எந்த மூலைக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்லும். சிறு வயலுக்கு நடந்து பார்ப்பதே சரி.

ட்ரோன் படத்தில் ஒரு பாதி வெளிறியும் மறு பாதி கருத்தும், நடுவே வயல் வரப்போடு சம்பந்தமில்லாத நேர்கோடும் இருந்தால், பறக்கும்போது மேகம் குறுக்கே வந்திருக்கிறது. பறப்பதற்கு முன்னும் பின்னும், ஒளி அளவை ஒப்பிட உதவும் அளவீட்டுத் தட்டைப் படம் எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் அந்தப் படத்தை வைத்து உரம் போடாதீர்கள்.

அறிகுறி: எந்த வயலுக்குப் போனாலும் எண் குறைவாகவே வருகிறது

இப்போது கருவியைச் சந்தேகப்படலாம். அடியில் உள்ள கண்ணாடியைப் பாருங்கள், சேறு தெறித்துக் காய்ந்திருக்கும். ஈரமான மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள், வேட்டி நுனியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். சார்ஜ் குறைவாக இருந்தால் ஏற்றிவிட்டு எடுங்கள்.

நாங்கள் முதலில் வாங்கியது பழைய கருவி. விற்றவர் நன்றாக இருக்கிறது என்றார். ஒரு போகம் முழுக்கக் குறைந்த எண்ணை நம்பி அலைந்த பிறகுதான் கண்ணாடி கீறல் விழுந்தது தெரிந்தது. அதிலிருந்து ஒரு பழக்கம். பச்சை நிறப் பிளாஸ்டிக் பாய் ஒன்றைத் திண்ணையில் விரித்து, அதே நட்டு நூல் உயரத்தில் மாதம் ஒருமுறை எண் எடுத்து எழுதுகிறோம். பாய் வளராது, வாடாது, எண் மாறினால் மாறியது கருவிதான். வெயிலில் போட்டு வெளுக்க விடாமல் சுருட்டி வையுங்கள். இரண்டு பேர் இரண்டு கருவியோடு வந்தால், வயலை ஒருவரும் பாத்தியை இன்னொருவரும் எடுக்கக் கூடாது. ஒரே கருவியால் இரண்டையும் எடுத்தால், அதற்கு இருக்கும் சிறு கோளாறு வகுத்தலில் பெரும்பாலும் கழிந்துபோகும்.

மல்லிகைத் தோட்டத்துக்கு எடுத்துப் போகலாமா?

கேட்பவர்கள் உண்டு. செடிக்குச் செடி இடைவெளி அதிகம், கவாத்து செய்த தோட்டத்தில் எண் எப்படியும் விழும். செடிக்குச் செடி ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை, அன்னபேதி (பெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் தெளிக்க வேண்டியது. யூரியா அங்கே உதவாது.

அறிகுறி: நன்றாக இருந்த எண் திடீரென இறங்குகிறது, கதிர் வெளியே வருகிறது

இது பிழை இல்லை. கதிரும் பூவும் பச்சையை மறைக்கின்றன, கதிருக்கு அடுத்து உள்ள கொடி இலை தன் சத்தை மணிக்கு அனுப்பத் தொடங்குகிறது. பாத்தியிலும் இதே போல இறங்கியிருக்கும், எடுத்துப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் எண்ணைப் பார்த்து யூரியா போட்டால் பதர் கூடும், பயிர் சாயும். முதல் கதிர் எட்டிப் பார்த்த நாளின் தேதியை நோட்டில் எழுதி, கண்ணாடியைத் துடைத்து, கருவியைப் பாதி சார்ஜோடு பெட்டியில் வையுங்கள். தெம்புப் பாத்தியின் வரப்பை உடைக்காதீர்கள், அறுவடையின்போது அதைத் தனியாக அறுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.